பச்சை உடம்புக்காரியின் மனசு

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் இருக்கிறது கணியம்பாடி. அந்த ஒன்றியத்துக் கிராமங்களில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்களிடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பேசினார்கள். பிரசவமாகி 6 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடியும் பேசினார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பிள்ளை பெற்ற பிறகு நூற்றில் 11 பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யார் யாருக்கு வந்தது என்று துருவியபோது ஐந்து காரணங்கள் தெரிந்தன. வருமானம் போதாத வீடு. ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது. மாமியாரோடும் சொந்தப் பெற்றோரோடும் சுமுகம் இல்லாதது. கர்ப்பமாக இருந்தபோது நேர்ந்த ஏதாவது ஒரு பெரிய துயரம். கைவேலைக்கு ஒத்தாசை செய்ய ஆள் இல்லாதது.

அந்தப் பெண்ணின் குணத்தைப் பற்றி இதில் ஒரு சொல் இல்லை. எல்லாமே அவள் இருக்கும் வீட்டையும் அவளுக்கு நேர்ந்ததையும் பற்றியவை. ஆனால் பிள்ளை பெற்றவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதால் நம் வீடுகளில் முதலில் பேச்சுக்கு வருவது அவள் குணம்தான். திமிர், சோம்பல், செல்லம் கொடுத்து வளர்த்த வளர்ப்பு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இப்படிச் சொல்ல வைக்கும் நம்பிக்கைகள் சிலவற்றை எடுத்துப் பார்ப்பது அவசியம். அவற்றால்தான் உதவி தாமதமாகிறது.

“எங்க காலத்துல பத்துப் பெத்தோம், இதெல்லாம் எங்க இருந்துச்சு?”

அந்தக் காலத்திலும் இருந்தது. காத்துக்கருப்பு என்றார்கள், பயந்த கோளாறு என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இன்னும் பல பெண்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அழுதுகொண்டே சமைத்தார்கள், அழுதுகொண்டே களை எடுத்தார்கள், யாரும் கேட்கவில்லை.

இது பட்டணத்து வியாதி, வெளிநாட்டு வியாதி என்ற எண்ணமும் இதோடு சேர்ந்தே வருகிறது. கணியம்பாடி பட்டணம் அல்ல. 1996-ல் 59 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு சுமார் 13 விழுக்காடு என்று தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளின் தரவுகளை 2012-ல் தொகுத்தார்கள். அங்கே பிரசவத்துக்குப் பின் மனநலப் பாதிப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு, கர்ப்பகாலத்தில் 16 விழுக்காடு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, 20,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களின் விவரங்களோடு, 2017-ல் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த விடை 22 விழுக்காடு. ஏழ்மை கூடக்கூட இந்தச் சோர்வும் கூடுகிறது. வசதியானவர்களின் ஆடம்பரக் கவலையாக இருந்தால் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

பத்துப் பெற்ற பெருமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்து 1978-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். வாழ்க்கையில் அடி விழும்போது சில பெண்கள் மட்டும் மனச்சோர்வில் விழுவது ஏன் என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. நான்கு பலவீனங்களைக் கண்டார்கள். மனசுவிட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாமை, 11 வயதுக்கு முன்பே தாயை இழந்தது, வீட்டுக்கு வெளியே வேலை இல்லாமை, 14 வயதுக்கு உட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருப்பது. பல பிள்ளைகளைப் பெற்றவளுக்குச் சுமை கூடத்தான் செய்கிறது. நம் பாட்டிகள் தாங்கினார்கள் என்பது உண்மை. என்ன விலை கொடுத்துத் தாங்கினார்கள் என்று அவர்களிடம் நாம் கேட்டதில்லை.

“எல்லாம் ஹார்மோன் பண்ற வேலை. தானா சரியாயிடும்.”

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது அதிக ஆபத்தானது. பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் காரணமே தெரியாமல் கண்ணீர் வரும். எரிச்சல் வரும், அடுத்த நிமிடமே சிரிப்பு வரும். பெரும்பாலான தாய்மார்களுக்கு இது உண்டு. இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். தூக்கமும் அரவணைப்பும் போதும், மருந்து தேவையில்லை. இரண்டு வாரம் தாண்டியும் மனசு கனத்தே கிடந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், பிள்ளை தூங்கும்போதுகூடத் தனக்குத் தூக்கம் வராவிட்டால், ‘நான் எதுக்கும் லாயக்கில்லாதவள்’ என்ற நினைப்பு விடாமல் அரித்தால் அது வேறு. அதைத் தானாகச் சரியாகட்டும் என்று விட்டுவைக்கக் கூடாது.

ஹார்மோனின் பங்கைத் தெளிவாகக் காட்டும் சோதனை ஒன்று அமெரிக்காவில் நடந்து 2000-ல் வெளியானது. கர்ப்பமாக இல்லாத 16 பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் இருப்பதைப் போல ஹார்மோன்களை ஏற்றி, பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். அவர்களில் எட்டுப் பேருக்கு முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தது. அந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு மறுபடியும் மனநிலை சரிந்தது. அப்படி வந்திராத மற்ற எட்டுப் பேரில் ஒருவருக்கும் சரியவில்லை. ஹார்மோன் இறக்கம் எல்லாத் தாய்க்கும் பொது. அது யாரைக் கீழே தள்ளுகிறது என்பது அவள் ஏற்கெனவே எந்த நிலையில் நிற்கிறாள் என்பதையும் பொறுத்தது.

அந்த நிலை பிரசவ அறையில் தொடங்குவதில்லை. கோவாவில் 270 தாய்மார்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் 2002-ல்தான் வெளியானது. பிரசவமாகி 6 முதல் 8 வாரத்தில் 23 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் 78 விழுக்காட்டினர் கர்ப்பமாக இருந்தபோதே மனத்தளவில் வெகுவாக அவதிப்பட்டவர்கள். ஆறாம் மாதத்திலும் பாதிப் பேருக்கு மேல் குணமாகவில்லை. வளைகாப்பில் கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடமே இதன் அறிகுறிகள் தெரியத் தொடங்கிவிடலாம் என்று பொருள். இத்தனை பேர் சந்தனம் பூசி ஆசி சொல்லும் அந்த நாளில், ‘உனக்கு மனசு எப்படி இருக்கு?’ என்று தனியாகக் கூப்பிட்டு யாரும் கேட்பதில்லை.

இங்கே நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. முன்பு ஒருமுறை மனச்சோர்வு வந்திருப்பதும், கர்ப்பகாலத்துப் பதற்றமும் பல நாட்டு ஆய்வுகளிலும் முன்வரிசையில் நிற்கும் காரணங்கள். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய சேதி இது. ஆனால் கல்லூரிக் காலத்தில் மாத்திரை சாப்பிட்ட பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அந்தச் சீட்டைப் பெற்றவர்களே பீரோவுக்கடியில் ஒளித்துவைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது. நாள் தள்ளிப்போனதும் அவளும் யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். கர்ப்பப் பதிவின்போது கணவனும் மாமியாரும் பக்கத்தில் இருக்க, ‘வேற ஏதாவது பிரச்சினை உண்டா?’ என்று செவிலியர் கேட்டால் அவள் வாயிலிருந்து எப்படி வரும்? அந்தக் கேள்வியைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

“அம்மா வீட்டுலதானே இருக்கா, அவளுக்கு என்ன குறை?”

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் நல்ல வழக்கம். அடுப்படிக்குப் போக வேண்டாம், வேளைக்குச் சோறு வரும், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் கால் நீட்டிக் குளிப்பாட்ட அனுபவப்பட்ட கை இருக்கும், பூண்டுக் குழம்பும் பால்சுறாவும் பிரசவ லேகியமும் தேடி வரும். பிள்ளை பெற்றவளைச் சமூகம் இப்படிப் பொத்திக் காக்கும் இடங்களில் மனச்சோர்வு குறையும் என்று 1983-ல் ஸ்டெர்ன், கிரக்மன் என்ற ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தைப் படித்துவிட்டு, நம் மரபு இருக்கும்வரை நமக்குக் கவலை இல்லை என்று நினைப்பது எளிது.

கணியம்பாடிப் பட்டியலில் மாமியாரோடு பெற்றோரும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தாய்வீடு என்பதும் கடன் உள்ள வீடுதான். வளைகாப்புக்குச் சீர் செய்ய வாங்கிய வட்டிப் பணம் பாக்கி. பிள்ளைக்குக் காப்பும் அரைஞாணும் போட வேண்டும். அண்ணி முகத்தைப் பார்த்து நடக்க வேண்டும். அம்மா நூறு நாள் வேலைக்கோ பூக்கட்டவோ போனால்தான் அடுப்பு எரியும். ‘என்னால இவங்களுக்கு எவ்வளவு செலவு’ என்று உள்ளுக்குள் கூட்டிக்கொண்டே படுத்திருப்பவளுக்கு லேகியம் உடம்பில் ஒட்டுமா?

வந்துபோகும் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒருத்தி பிள்ளையின் நிறத்தைப் பற்றிப் பேசுவாள். இன்னொருத்தி, ‘பால் பத்தலையா, பிள்ளை ஏன் இப்படி வீறிடுது?’ என்பாள். ஃபேன் போடாதே என்பாள் ஒருத்தி. பகலில் தூங்காதே என்பாள் மற்றொருத்தி. தையல் போட்ட இடம் விண்விண்ணென்று தெறிக்க, கண் திறந்தபடி அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். ராத்திரி இரண்டரை மணிக்குப் பிள்ளை நனைத்த துணியை மாற்ற, அரைமணி நேரம் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்க, அவளைத் தூங்கச் சொல்ல எத்தனை பேர்? ஆய்வாளர்கள் குறித்த ஒத்தாசை இந்த இரண்டரை மணி ஒத்தாசை. பத்துப் பேர் நிறைந்த வீட்டிலும் அது இல்லாமல் போகலாம்.

பிறகு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். அதுவரை கிடைத்த உதவி ஒரே நாளில் நின்றுபோகிறது. ராத்திரி பத்து முறை எழுந்தவள் காலை ஐந்து மணிக்கு வாசல் தெளிக்க வேண்டும். உறவுக்காரர்களின் கவனமெல்லாம் முதல் நாற்பது நாளோடு முடிந்துவிடுவதால், இந்த இரண்டாவது சரிவு பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. திருப்பூர் லைன் வீடு ஒன்றில் ஒற்றை அறைக்குள் பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்கோ முதல் நாற்பது நாளும்கூடக் கிடையாது. கணவன் ஓவர்டைம் முடித்து வரும்வரை ஒரு முகத்தைப் பார்க்க வழியில்லை.

பணத்தைப் பற்றி நேராகவே பேசலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமாகவும் ஊட்டச்சத்துப் பொருளாகவும் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு. கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கிய எந்தக் கிராமத்துப் பெண்ணுக்கும் இது தெரியும். அதை ரத்தசோகைக்கான உதவியாகவே நினைத்துப் பழகிவிட்டோம். வருமானம் போதாமை மனச்சோர்வுக்கு ஒரு காரணம் என்று தெரிந்த பிறகு, தவணை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அவள் மனநலத்தையும் தொடுகிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

“பொண்ணு பொறந்தா மனசு கஷ்டப்படத்தானே செய்யும்?”

பிரசவ வார்டு வாசலில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செவிலியர் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். ‘என்ன குழந்தை?’ என்ற கேள்விதான் முதலில் வரும். பெண் என்றதும் ஓரிரு கணம் யாரும் பேசமாட்டார்கள். ‘சரி, அடுத்தது பையனாப் பொறக்கும்’ என்று யாராவது ஒரு பெரியம்மா தேற்றுவார். உள்ளே இன்னும் தையல்கூட முடியாமல் படுத்திருப்பவளுக்கு அடுத்த பிரசவம் அப்போதே எழுதப்பட்டுவிடுகிறது.

கோவா ஆய்வு இதில் கூர்மையான ஒன்றைச் சொல்கிறது. கணவனின் அடி, வீட்டில் பசி ஆகியவை தாயின் மனத்தை எவ்வளவு பாதிக்கும் என்பது பிறந்தது ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறியது. ஏற்கெனவே நொந்திருப்பவளின் நிலையைப் பிள்ளையின் பாலினமும் சேர்ந்து தீர்மானித்தது. பெண் குழந்தை அவளை வருத்தவில்லை. அந்தக் குழந்தையை வீடு எப்படி வரவேற்றது என்பதுதான் வருத்தியது. குழந்தை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணுவில் இருக்கும் குரோமோசோமால் முடிவாவது என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. என்றாலும் பழி விழுவது தாய்மேல்தான். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. அப்போது தொட்டிலுக்குப் போன பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். பெற்ற தாய்மார்களின் மனசு என்ன ஆனது என்று பேசவில்லை.

“ஆம்பளைக்கு இதுல என்ன வேலை?”

கணவனோடு உள்ள உறவு எப்படி இருக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் வரும் காரணம். குடியும் அடியும் சொல்லவே வேண்டாம். அடிக்காமல், திட்டாமல், ஆனால் எதுவுமே பேசாமல் மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கணவனும் இதில் அடக்கம். கேம்பர்வெல் பெண்கள் சொன்ன ‘மனசுவிட்டுப் பேசத் துணை’ அவன்தானே. இன்னொரு பக்கமும் உண்டு. 43 ஆய்வுகளைத் தொகுத்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு, மனைவியின் கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் ஆண்களில் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் காட்டியது. மனைவியின் சோர்வோடு அதற்குத் தொடர்பும் இருந்தது. அவனிடமும் கேட்க வேண்டும்.

“பிள்ளை மேல பாசம் இல்லாதவ”

சோர்வில் இருக்கும் பல தாய்மார்களுக்குப் பிள்ளைமேல் பாசத்தைவிடப் பயம்தான் மிஞ்சி நிற்கிறது. மூச்சு விடுகிறதா என்று ராத்திரி முழுக்க மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பார்கள். ‘கை தவறிக் கீழே போட்டுவிடுவேனோ’, ‘கத்தி எடுத்தால் ஏதாவது செய்துவிடுவேனோ’ என்று வேண்டாத எண்ணங்கள் குறுக்கே ஓடும். அந்த எண்ணத்தைக் கண்டு அவளே நடுங்குவாள். இப்படிப்பட்ட எண்ணங்கள் புதுத் தாய்மார்களில் பலருக்கு வருவதுண்டு. அவை வந்ததாலேயே அவள் செய்துவிடுவாள் என்று பொருள் இல்லை. தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள், எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தாக வேண்டும் என்று தங்களையே விரட்டுபவர்கள், முந்திய பிரசவத்தில் பிள்ளையை இழந்தவர்கள், குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து நிற்பவர்கள், இவர்களுக்கெல்லாம் இந்தப் பயம் ஒரு படி கூடுதல்.

இதிலிருந்து முற்றிலும் வேறானது பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு நிலை. ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரென வரும். நாள்கணக்கில் தூக்கமின்மை, குழப்பம், இல்லாத குரல் கேட்பது, பிள்ளையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை எல்லாம் தெரியும். பேய் ஓட்டப் போகிற நேரம் அது அல்ல. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தாயையும் பிள்ளையையும் தனியாக விடக் கூடாது.

“மனநல டாக்டர்கிட்டப் போனா பாலை நிறுத்திப் பிள்ளையைப் பிரிச்சிடுவாங்க”

பெண்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்தப் பயம் பெரிய காரணம். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. மருத்துவர் மேற்பார்வையில் அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று மருத்துவர் கருதினால் மட்டும் விலக்கு உண்டு. அதுவும் தற்காலிகமானதே. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறத் தனிப் பிரிவு இருக்கிறது.

எல்லாருக்கும் மருந்து வேண்டியதும் இல்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் அத்திஃப் ரஹ்மான் குழுவினர் நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே மனச்சோர்வில் இருந்த 903 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர், வீடு வீடாகப் போகும் சாதாரணப் பெண்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் வாரம் ஒரு முறை, பிரசவமான முதல் மாதத்தில் மூன்று முறை, பிறகு மாதம் ஒரு முறை என்று அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசினார்கள். மனசில் ஓடும் ‘என்னால் முடியாது’ என்ற எண்ணங்களைப் பிரித்துப் பார்க்கப் பழக்கினார்கள். ஆறாம் மாதத்தில், இந்தப் பேச்சுமுறை கிடைத்தவர்களில் 23 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. வழக்கமான வீட்டு வருகை மட்டும் கிடைத்தவர்களில் அது 53 விழுக்காடு.

நம் கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் இதேபோல் வீட்டுப் படியேறிப் போகிறவர்கள்தான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாளா, பிள்ளையின் எடை என்ன, தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டு எழுதுகிறார்கள். எடின்பரோ அளவுகோல் என்று 1987-ல் உருவான பத்துக் கேள்விகள் இருக்கின்றன. வேலூரிலேயே அதன் தமிழ் வடிவத்தைச் சோதித்து, அது செல்லும் என்று 2005-ல் உறுதிசெய்துவிட்டார்கள். பதில் சொல்ல சில நிமிடம் போதும். எட்டாம் மாதத்தில் ஒரு முறை, பிரசவமாகி ஆறாம் வாரத்தில் ஒரு முறை, புகுந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரு முறை என மூன்று தடவை, மாமியாரும் கணவனும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், இந்தக் கேள்விகளை எல்லாத் தாய்மாரிடமும் கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு ‘எப்போதாவது’ என்று பதில் வந்தாலும் மற்ற ஒன்பதின் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். இரவு நேரமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.